கலைச்சொல் உதவி: 'ஆண்மை' என்ற சொல் வராம ஒரு பேர் வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க. ஆம்பளைங்களுக்கு நாப்பது அம்பது வயசுக்கு மேல டெஸ்டோஸ்டீரான்ங்கற ஆண் ஹார்மோன் குறையுதுன்னு போடற ஊசி, தடவற ஜெல், அப்புறம் இப்ப ஜிம்முக்கு ஜிம் பேசற 'பெப்டைட் தெரபி', இதையெல்லாம் பத்தி நோயாளி கையில குடுக்கற ரெண்டு பக்கக் கையேடு ஒண்ணைத் தமிழ்ல எழுதிட்டிருக்கேன். மூணு சொல்லுல மாட்டிக்கிட்டேன். ஹைப்போகோனாடிசம் (விந்தகம் போதுமான அளவு ஹார்மோன் சுரக்காத நிலை), ரீப்ளேஸ்மெண்ட் தெரபி (குறைஞ்ச ஹார்மோனை வெளியிலேர்ந்து குடுக்கறது), சீக்ரெட்டகாக் (சுரப்பியைச் சுரக்க வைக்கற மருந்து). மூணுக்கும் இப்ப தமிழ்ல புழங்கற சொல் இருக்கத்தான் செய்யுது, ஆனா அதுல எதையும் அந்தத் தாள்ல போட எனக்கு மனசு வரல.

ஏன்னா எங்க மாமா பையனுக்கு நடந்தது. வயசு 41. எப்பவும் அசதி, வெயிட் ஏறிடுச்சு, ராத்திரி தூக்கம் சரியில்ல. ஒரு கிளினிக்குக்குப் போனான், சாயங்காலம் ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்தாங்க, அளவு கம்மின்னு சொல்லி அன்னைக்கே ஊசி ஆரம்பிச்சுட்டாங்க. கையெழுத்து வாங்கின தாள்ல தமிழ்ல 'ஆண்மை ஊக்க சிகிச்சை'ன்னு இருந்துச்சாம். அவனும் அவன் வீட்டுக்காரியும் அப்ப ரெண்டாவது குழந்தைக்கு முயற்சி பண்ணிட்டிருந்தாங்க. அவன் என்ன நினைச்சான், ஆண்மைக்கு ஊசி போட்டா அதுக்கும் நல்லதுதானேன்னு நினைச்சான். எட்டு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா விந்தணு கிட்டத்தட்ட பூஜ்யம். வெளியிலேர்ந்து டெஸ்டோஸ்டீரான் உள்ள போனா மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி அதைப் பாத்துட்டு விந்தகத்துக்கு அனுப்பற ரெண்டு ஹார்மோனையும் குறைச்சிடும், விந்தகம் வேலையை நிறுத்திடும். இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல, எல்லா மருந்துத் தாள்லயும் இருக்கறதுதான். ஊசியை நிறுத்தி, எண்ணிக்கை திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த ஒரு வருஷம் அந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு நான் பாத்தேன்.

அதனாலதான் சொல்றேன், இங்க தப்பு பாதி அந்தச் சொல்லுல இருக்கு. நம்ம பேச்சுல ஆண்மைன்னா உடலுறவும் அதுதான், பிள்ளை பெத்துக்கறதும் அதுதான், தைரியமும் அதுதான். வள்ளுவர் பிறன்மனை நோக்காததைப் பேராண்மைங்கறார், அங்க அது குணம். அப்புறம் பஸ் ஸ்டாண்ட் சுவத்துல, கழிப்பறைக் கதவுல, எந்த ஊர் எந்த லாட்ஜ் எந்தக் கிழமைன்னு ஒட்டியிருக்கற நோட்டீஸ்லயும் அதே சொல். இவ்வளவு சுமையைத் தூக்கிட்டு வர்ற சொல் ரத்தத்துல ஒரு ஹார்மோன் குறைஞ்சிருக்குன்னு சொல்றதுக்கு ஆகாது. அந்தத் தாளைக் கையில வாங்கற மனுஷனுக்கு அவமானமும் வரும், தப்பான நம்பிக்கையும் வரும்.

'ஹார்மோன் மாற்று சிகிச்சை'யும் எனக்குச் சரியாப் படல. மாற்றுன்னா சிறுநீரக மாற்று மாதிரி ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணு வைக்கறதா, மாற்று மருத்துவம் மாதிரி வேற வழியா, இல்ல பாலினம் மாறறதுக்கு எடுக்கற ஹார்மோனா? மூணுமே தோணும். நான் 'ஈடு'ன்னு யோசிச்சேன். குறைஞ்சதை ஈடு கட்டறது. சுரப்பு ஈட்டு சிகிச்சை. நோய்க்கு 'விந்தகச் சுரப்புக்குறை'. உங்க அபிப்ராயம் சொல்லுங்க.

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி, உங்கட மச்சானுக்கு நடந்தத வாசிக்க மனசுக்குக் கஷ்டமாக் கிடந்தது. சொல்லுக்கு வாறன். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில ஓமோன் எண்டுதான் படிச்சனாங்கள், பிட்யூட்டரிய கபச்சுரப்பி எண்டு படிச்சனாங்கள், நீங்கள் நாளமில்லாச் சுரப்பி எண்டுறத நாங்கள் அகஞ்சுரக்கும் சுரப்பி எண்டுறம். இயக்குநீர் எண்ட சொல்லும் இருக்கு, எனக்கு அது விருப்பம், ஏனெண்டா 1905இல ஸ்டார்லிங் எண்ட ஆங்கிலேய விஞ்ஞானி ஹார்மோன் எண்ட பேரை முதல் முதல் பாவிச்சபோது எடுத்தது தூண்டி எழுப்புறது எண்ட கிரேக்கச் சொல்லிலயிருந்துதான். ஆனா நோயாளிக்குக் குடுக்கிற தாளில ஹார்மோன் எண்டே விடுங்கோ, சனத்துக்குத் தெரிஞ்ச சொல்லை ஏன் பறிக்கோணும்.

'ஈடு' நல்ல சொல். ஆனா நீங்கள் இன்னொரு சொல்லை விட்டிட்டியள், 'ஊறல்'. கிணத்தில தண்ணி ஊறும், வாயில எச்சில் ஊறும். எங்கட அம்மம்மா, கிணறு வத்தேல்ல, ஊறல்தான் குறைஞ்சுபோச்சு எண்டு சொல்லுவா. இந்த வருத்தத்துக்கும் அதுதானே? பொம்பிளையளுக்கு மாதவிடாய் நிக்கிற மாதிரி ஆம்பிளையளுக்கு ஒரு நாளும் திடீரெண்டு நிக்கிறேல்ல. ஆம்பிளையளுக்கு வயசோட ஹார்மோன் குறையிறதுக்கு ஆன்ட்ரோபாஸ் எண்டு பேர் வச்சதே பிழை எண்டுதான் நான் நினைக்கிறன், தமிழில ஆரும் அதை 'நிறுத்தம்' எண்டு மொழிபெயர்த்தா அந்தப் பிழையையும் சேர்த்துக் கொண்டு வந்திடுவினம்.

மறுமொழி, மதுரையிலிருந்து ஒரு டாக்டர்:

நான் நாளமில்லாச் சுரப்பி நோய்களைத்தான் பாக்கறேன், 'நிறுத்தம்' வேண்டாம்னு சொன்னதுக்கு அந்த யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு நன்றி. முப்பது நாப்பது வயசுக்கு மேல டெஸ்டோஸ்டீரான் வருஷத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறையும், அவ்வளவுதான், குறையற எல்லாருக்கும் நோய்னு அர்த்தம் இல்ல. ஐரோப்பாவுல எட்டு ஊர்ல 40லேர்ந்து 79 வயசு வரைக்கும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆம்பளைங்களைப் பாத்து 2010ல வெளியான ஆய்வுல, மூணு பாலியல் அறிகுறியும் (ஆசை குறையறது, விறைப்பு குறையறது, காலையில தானா வர்ற விறைப்பு குறையறது) இருந்து ரத்தத்துலயும் நிஜமாவே குறைஞ்சிருந்தவங்க 2.1 சதவீதம்தான். அதனால தம்பி, உங்க சொல்லுல 'முதுமை'ன்னு எங்கயும் சேத்துடாதீங்க. வயித்துல கொழுப்பு சேந்தாலும் சர்க்கரை நோய் இருந்தாலும் நாப்பதுலயே குறையும், வெயிட் குறைச்சா பல பேருக்குத் தானா ஏறும். 'பின்வயது விந்தகச் சுரப்புக்குறை'ன்னு வேணா போடலாம். ஊறல் அழகா இருக்கு, ஆனா பாடப்புத்தகத்துல சுரப்பின்னு இருக்கும்போது சுரப்புன்னே போகட்டும், விளக்கத்துல ஊறலைக் கொண்டு வாங்க.

'ஈடு' எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஈடுன்னு சொன்னா எதுக்கு ஈடுன்னு உடனே கேக்கத் தோணும். காலையில, வெறும் வயித்துல, ரெண்டு வேற வேற நாள் ரத்தம் எடுத்து ரெண்டு தடவையும் குறைஞ்சிருந்தா, கூடவே அறிகுறியும் இருந்தா, அப்பதான் அது ஈடு. அமெரிக்க சிறுநீரியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழன்னு கோடு போட்டிருக்கு. சாயங்காலம் எடுத்தா இயல்பாவே கம்மியாத்தான் காட்டும், உங்க மச்சானுக்கு அதுதான் நடந்திருக்கும். அளவு சரியா இருக்கறவனுக்குப் போட்டா அது ஈடு இல்ல, உபரி. ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிட விடாதீங்க.

ஆபத்தையும் ஒரேயடியா ஊதிடாதீங்க. 2023ல 5,200 பேருக்கு மேல வச்சு நடத்தின டிராவர்ஸ் ஆய்வுல, நிஜமாவே குறைபாடும் இதய ஆபத்தும் இருந்தவங்களுக்கு டெஸ்டோஸ்டீரான் குடுத்துப் பாத்தாங்க, மாரடைப்பும் பக்கவாதமும் மருந்தே இல்லாத பிளாசிபோ எடுத்தவங்களை விடக் கூடல. ஆனா இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பறது, நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைக்கறது, சிறுநீரகம் திடீர்னு பாதிக்கறது இதெல்லாம் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. ரத்தம் கெட்டியாகறதையும் பாக்கணும், சிவப்பணுப் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினா நிறுத்திடுவோம். தேவைப்படறவனுக்கு இது நல்ல மருந்து, அதை வாங்கிட்டு நிம்மதியா இருக்கற எத்தனையோ பேரை நான் பாத்திருக்கேன்.

பெப்டைட் கதை வேற. அந்தப் பேரே ஏமாத்துது. பெப்டைட்னா அமினோ அமிலம் கோத்த சரம், இன்சுலினும் அதுதான், 51 மணி இருக்கு, அதை யாராவது பெப்டைட் தெரபின்னு சொல்றாங்களா? டெஸ்டோஸ்டீரான் பெப்டைடே இல்ல, அது கொலஸ்ட்ராலேர்ந்து வர்ற ஸ்டீராய்டு. ஜிம்முல சொல்றது செர்மோரெலின், இபாமோரெலின் மாதிரி, வளர்ச்சி ஹார்மோனை விடச்சொல்லி பிட்யூட்டரியைக் குத்தி எழுப்பற மருந்துங்க. 1990ல ரட்மன்ங்கறவர் அறுபது வயசு தாண்டின 12 ஆம்பளைங்களுக்கு ஆறு மாசம் வளர்ச்சி ஹார்மோனையே குடுத்துப் பாத்தார், தசை கூடிச்சு, கொழுப்பு குறைஞ்சுச்சு, ஆனா அந்தப் பன்னெண்டு பேரை வச்சு ஒரு வியாபாரமே கிளம்பிடுச்சு. BPC-157ன்னு ஒரு பெப்டைட், அமெரிக்க மருந்துத் துறை எந்த நோய்க்கும் அதை அங்கீகரிக்கல, 'ஆராய்ச்சிக்கு மட்டும்'னு லேபிள் ஒட்டின குப்பியில வருது, அதைத் தாங்களே தொடையில போட்டுக்கறாங்க. பயமா இருக்கு.

மறுமொழி, முதல்ல கேட்டவரிடமிருந்து:

டாக்டர், 'எதுக்கு ஈடு'ன்னு நீங்க கேட்ட ஒரே கேள்வியில என் வேலை பாதி முடிஞ்சுடுச்சு. இதுக்கு முன்னாடி நான் ஈடுங்கற சொல்லை ஓசைக்காகத்தான் பிடிச்சிருந்தேன். எங்க அம்மா ஒரு ஈடு இட்லின்னு சொல்லுவாங்க, அந்த ஈடு வேற இந்த ஈடு வேறன்னு தெரியும், இருந்தாலும் காதுக்குப் பழகின சொல்லா இருக்கட்டும்னு நினைச்சேன். இப்ப தாள்ல ரெண்டு தலைப்பு வச்சிருக்கேன், குறை இருக்கறவங்களுக்கு 'ஹார்மோன் ஈட்டு சிகிச்சை', குறை இல்லாம எடுக்கறதுக்கு 'உபரி ஹார்மோன்'. சிகிச்சைங்கற சொல்லை ரெண்டாவதுல வேணும்னேதான் போடல.

சீக்ரெட்டகாக்குக்கு ஊக்கியா தூண்டியான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ஊக்க மருந்துன்னா பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்துல மாட்டிக்கிட்ட வீரர்தான் ஞாபகத்துக்கு வர்றார், உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பான வாடாவோட தடைப் பட்டியல்லயும் இந்த வகை மருந்து இருக்கறது உண்மைதான், ஆனாலும் அது எப்படி வேலை செய்யுதுன்னு அந்தச் சொல் சொல்லல. தூண்டிதான் சரி. தைராய்டு தூண்டும் ஹார்மோன்னு பாடப்புத்தகத்துலயே இருக்கு, அண்ணன் சொன்ன கிரேக்கப் பொருளுக்கும் ஒத்துவருது. அதனால 'சுரப்புத் தூண்டி'. ஈடு வெளியிலேர்ந்து ஊத்தறது, தூண்டி உள்ள இருக்கறதைக் கிளப்பறது, ரெண்டு சொல்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரு ஆட்டோ டிரைவருக்கும் வித்தியாசம் புரியும். பெப்டைடைப் புரதக்கூறுன்னு சொல்ற வழக்கம் இருக்கு, ஆனா அமினோ அமிலமும் புரதத்தோட கூறுதானே, குழப்பம் வரும். பெப்டைட்னே விட்டுட்டு 'அமினோ அமிலச் சரம்'னு ஒரு விளக்கம் சேத்திருக்கேன், பூச்சரம் தெரிஞ்சவங்களுக்குச் சரம் புரியும்.

யாழ்ப்பாணத்து அண்ணா, ஊறலையும் விடல. உங்க அம்மம்மா சொன்னதைக் கொஞ்சம் மாத்தி முதல் பத்தியில வச்சிருக்கேன்: 'கிணறு வத்தல, ஊறல் குறைஞ்சிருக்கு.' நேத்து மாமா பையன்கிட்ட அந்தப் பக்கத்தைப் படிக்கக் குடுத்தேன். அந்த வரியில நின்னுட்டான். அப்புறம் கீழ இருந்த கட்டத்தைக் காட்டி, இதைக் கடைசியில போடாதே, கையெழுத்துக்கு மேலயே போடுன்னான். போட்டுட்டேன். அது இப்படி இருக்கு, சரியான்னு பாத்துச் சொல்லுங்க:

'இந்த ஊசி போடும் காலத்தில் உங்கள் விந்தகம் விந்தணு உண்டாக்குவது குறையும், நின்றும் போகலாம். இனி குழந்தை வேண்டும் என்று இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.'