மாட்டின் மூக்கைக் காப்பாற்ற ஒரு மாயக் கவசம்: யோசனை தேவை

வணக்கம். பினாங்கு லிட்டல் இந்தியாவில், எங்கள் பழைய கடைவீட்டுச் சுவரில் அண்ணன் ஒரு மாட்டுவண்டி வரைந்திருக்கிறார். படமெடுக்க வருகிறவர்கள் மாட்டின் மூக்கைத் தடவித் தடவியே அழித்துவிட்டார்கள்!

இங்கே லெபோ ஆர்மேனியன் தெருச் சுவரில் 2012இல் வரைந்த ஓவியத்தில் நிஜ சைக்கிளே நிற்கிறதல்லவா? அதுபோலத் தடுப்பையே வேடிக்கையாக்க நினைக்கிறேன். ஒளிபுகும் தகட்டில் மூக்கணாங்கயிற்றை வரைந்து, குறித்த ஓரிடத்திலிருந்து பார்த்தால் மட்டும் அது மாட்டோடு பொருந்த வேண்டும். முன்னால் நிற்பவர் வண்டியோட்டுவதுபோல் தெரிய வேண்டும்.

ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடுகளில் பாலிகார்பனேட் சுலபத்தில் உடையாது, கீறல்தான் விழும், அக்ரிலிக் நேர்மாறு. எதை வாங்குவது? சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற இடைவெளியும் வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் விட்டால் மாயத்தோற்றம் கலையாது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அண்ணனோ கம்பிவேலி போடச் சொல்கிறார்.