ஜோன் ரிவர்ஸ் ஜானி கார்சனுக்குச் செய்தது துரோகமா?

இரவுப்பறவை:

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் பற்றி 2010-இல் வந்த ஆவணப்படத்தைப் போன வாரம் இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். ஒரு காட்சி மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அவர் வீட்டில், பழைய நூலகங்களில் இருக்குமே, அந்த மாதிரி வரிசை வரிசையாகச் சின்ன இழுப்பறைகள் வைத்த அலமாரி. ஒன்றை இழுத்தால் நெருக்கமாக அடுக்கிய அட்டைகள். ஒரு அட்டைக்கு ஒரு ஜோக், தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். எல்லாம் தலைப்பு வாரியாக, ஆங்கில அகர வரிசையில். ஒரு இழுப்பறையின் வெளியே ஒட்டியிருக்கும் சீட்டில் 'நியூயார்க்' என்று ஆரம்பித்து 'சுயமதிப்பே இல்லாமை' என்று முடிகிறது. அந்தப் படம் எடுக்கும்போது அவருக்கு வயது 75. அப்போதும் புது அட்டைகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

இப்படி உழைத்த மனுஷியை, "கார்சன் வளர்த்துவிட்டார், அவர் முதுகிலேயே குத்தினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதனால்தான் இந்த இழை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1933-இல் ப்ரூக்ளினில் பிறந்தவர், டாக்டர் மகள், பார்னார்ட் கல்லூரியில் படித்தவர். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் சின்னச் சின்ன கிளப்களில் வருடக்கணக்காகப் பாடுபட்டார். என்பிசி தொலைக்காட்சியில் ஜானி கார்சன் நடத்திய இரவுப் பேட்டி நிகழ்ச்சியான டுநைட் ஷோ பல முறை கைவிரித்தது. கடைசியில் 1965 பிப்ரவரி 17 அன்று ஒரு வாய்ப்பு. கார்சன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ நட்சத்திரமாகப் போகிறாய் என்று கேமரா முன்னாலேயே சொன்னார். அன்றோடு வாழ்க்கை மாறியது. 1983-இல் கார்சன் விடுமுறை எடுக்கும் வாரங்களுக்கு நிரந்தர மாற்றுத் தொகுப்பாளர் ஆனார். 1986-இல் புதிதாக வந்த ஃபாக்ஸ் தொலைக்காட்சி அவருக்கென்றே ஒரு இரவு நிகழ்ச்சி கொடுத்தது. நெட்வொர்க் ஒன்றில் இரவு நேர டாக் ஷோ நடத்திய முதல் பெண் அவர்தான். கார்சன் அதற்குப் பிறகு சாகும்வரை, அதாவது 2005 வரை, அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

துரோகம் எங்கே இருக்கிறது? சொல்லுங்கள்.

கடலூர்க்காரன்:

நண்பரே, அவர் உழைப்பை நான் ஒரு சொல்லும் குறைத்துப் பேச மாட்டேன். வேலை மாறியதும் குற்றம் கிடையாது. மறைத்ததுதான் குற்றம்.

தேதிகளைப் பாருங்கள். 1986 ஏப்ரல் கடைசியில் ஜோன் தன் சுயசரிதையைப் பற்றிப் பேச கார்சன் பக்கத்தில் அந்த சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். மே 6-ஆம் தேதி ஃபாக்ஸ் செய்தியாளர்களைக் கூப்பிட்டு அறிவிக்கிறது. நடுவில் இரண்டு வாரம்கூட இல்லை. அதாவது, ஒரு பக்கம் ஒப்பந்தப் பேச்சு, இன்னொரு பக்கம் சிரித்த முகத்தோடு எதிரில் உட்கார்ந்து பேட்டி. அவர் ஃபோன் செய்வதற்குள் கார்சன் காதுக்கு விஷயம் வேறு வழியில் போய்விட்டது. தன் வீட்டுப் பிள்ளை வேறு வீடு பார்த்துவிட்டது என்று பக்கத்துத் தெருக்காரன் வந்து சொன்னால் எப்படி இருக்கும்?

இன்னொன்று. ஃபாக்ஸ் நிகழ்ச்சி இரவு 11 மணிக்கு. கார்சன் 11.30-க்கு. காலையிலோ மதியமோ ஒரு நிகழ்ச்சி நடத்தியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். 1968-இல் ஜோன் பகல் நிகழ்ச்சி ஒன்று ஆரம்பித்தபோது முதல் விருந்தாளியாக வந்து உட்கார்ந்தவரே கார்சன்தான். பெருந்தன்மை இல்லாத ஆள் அதைச் செய்வாரா? செய்ந்நன்றி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

மழைச்சாரல்:

கடலூர் அண்ணா, நன்றி பற்றிப் பேசுகிறீர்கள். நீங்கள் சொல்லும் அதே சுயசரிதையின் முதல் பக்கத்தை யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? இந்தப் புத்தகம் வரக் காரணமான கணவர் எட்கருக்கும், எல்லாமே நடக்கக் காரணமான ஜானி கார்சனுக்கும். நன்றி கொன்றவர் செய்கிற காரியமா இது?

அவர் ஏன் போனார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். கார்சனுக்கு என்பிசி இரண்டு வருட ஒப்பந்தம் போட்டது. அவருக்குப் பதிலாக உட்காரும் ஜோனுக்கு ஒரே வருடம். அதற்கு முன்பெல்லாம் இருவர் ஒப்பந்தமும் ஒன்றாகத்தான் ஓடியது. அந்த இரண்டாம் வருடம் தன் கதி என்ன என்று யோசிக்காமல் எப்படி இருப்பார்? கூடவே, கார்சனுக்கு அடுத்து யார் என்று என்பிசி வைத்திருந்த பட்டியல் ஒன்று தன் கைக்கு வந்ததாக ஜோனே எழுதியிருக்கிறார். பத்துப் பெயர். பத்தும் ஆண்கள். மூன்று வருடம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நிகழ்ச்சியைக் காப்பாற்றியவர் பெயர் மட்டும் இல்லை.

என் அனுபவம் ஒன்று. முதலில் வேலை பார்த்த கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் என் மூத்தவர் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் ஒரு பேலன்ஸ் ஷீட்டைத் திறந்தால் அவர் குரல்தான் கேட்கும். ஒன்பது வருடம் கழித்து வேறு இடத்தில் பங்குதாரராகக் கூப்பிட்டார்கள், போனேன். என் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர் வாங்கவில்லை. எனக்கு முன்னால் அங்கிருந்து போன மூன்று ஆண்கள் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய் வருகிறார்கள். அதனால் ஜோன் கதையை என்னால் தள்ளி நின்று பார்க்க முடியாது.

கடலூர்க்காரன்:

சகோதரி, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் ஒப்பந்தம் போட்டது என்பிசி. பட்டியல் போட்டதும் என்பிசி. கோபம் நியாயமாக அங்கேதான் போக வேண்டும். 'ஜானி, என்னை இப்படி நடத்துகிறார்கள், ஃபாக்ஸ் கூப்பிடுகிறது, நான் என்ன செய்யட்டும்' என்று நேரில் போய் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே? பதினைந்து இருபது நிமிட வேலை. இருபத்தொரு வருட உறவுக்கு அதுகூட இல்லையா? விஷயம் வெளியே போனால் ஒப்பந்தம் கெட்டுவிடும் என்று பயந்தார் என்பார்கள். அப்படியானால் கார்சனை அவர் நம்பவில்லை என்று அர்த்தம். நம்பாத ஒருவரிடம் நம்பிக்கையை எதிர்பார்க்கக் கூடாது.

இரவுப்பறவை:

அண்ணே, உங்கள் வாதம் முழுக்க 'எதிரே கடை போட்டார், சொல்லாமல் போட்டார்' என்பதில் நிற்கிறது. அப்படியானால் நகைச்சுவை நடிகர் ஜோயி பிஷப்பை என்ன சொல்வீர்கள்?

பிஷப் டுநைட் ஷோவில் மாற்றுத் தொகுப்பாளராக எத்தனையோ இரவுகள் உட்கார்ந்தவர். 1967 ஏப்ரலில் போட்டித் தொலைக்காட்சியான ஏபிசியில் தன் பெயரிலேயே இரவு நிகழ்ச்சி தொடங்கினார். நேருக்கு நேர் கார்சனுக்கு எதிராகத்தான். 1969 கடைசியில் அது மூடப்பட்டது. அதற்கப்புறம் 70-களில் அதே பிஷப் டுநைட் ஷோவில் கார்சனுக்குப் பதிலாக மறுபடியும் வந்து உட்கார்ந்தார்! கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. ஜோனின் ஃபாக்ஸ் நிகழ்ச்சியும் ஏழு மாதத்தில் கவிழ்ந்தது. அவருக்கு ஏன் திறக்கவில்லை?

கடலூர்க்காரன்:

நல்ல கேள்வி. இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. பாடகர்கள் சினாட்ரா, டீன் மார்ட்டின் கூட்டத்தில் ஒருவர் பிஷப். கார்சன் 1962-இல் அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்பே பெரிய ஆள். அவரைக் கார்சன் உருவாக்கவில்லை. சமமான இருவருக்குள் போட்டி வந்து போயிற்று. ஜோன் கார்சன் கையால் வளர்ந்தவர். சம்பந்தம் எவ்வளவு நெருக்கமோ காயம் அவ்வளவு ஆழம்.

மழைச்சாரல்:

அண்ணா, இதைத்தான் ஜோனும் சொன்னார்! 2012-இல் ஒரு பத்திரிகையில் இதைப் பற்றி எழுதும்போது, நான் ஒரு பெண் என்பதால் நான் அவருக்குச் சொந்தம், விட்டுப் போக மாட்டேன் என்று கார்சன் நினைத்துவிட்டார் என்கிற பொருளில் எழுதினார். நீங்கள் 'கையால் வளர்ந்தவர்' என்கிறீர்கள். 1965-இல் அந்த மேடைக்கு வந்தபோது அவருக்கு 31 வயது. சிகாகோவில் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை நாடகக் குழுவில் நடித்து முடித்து, கிளப் கிளப்பாக அலைந்து, தன் ஜோக்கைத் தானே எழுதிக்கொண்டு வந்தவர். கார்சன் கதவைத் திறந்தார், அது பெரிய உதவி. உள்ளே நடந்தவர் ஜோன்.

அவர் போன பிறகு அந்த இடத்துக்கு யார் வந்தார்கள்? கேரி ஷேண்ட்லிங், ஜே லெனோ என்ற இரண்டு நகைச்சுவைக்காரர்கள். 1992 மே மாதம் கார்சன் ஓய்வு பெற்றபோது நாற்காலி லெனோவுக்குப் போனது. ஜோன் பொறுமையாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று யாராவது மனசாட்சியோடு சொல்வீர்களா?

திண்ணைவாசி:

நீங்கள் மூவரும் ஒரு ஃபோன் அழைப்பிலேயே நிற்கிறீர்கள். எனக்கு ஜோனிடம் உள்ள வருத்தம் வேறு. நடிகை எலிசபெத் டெய்லர் குண்டாகிவிட்டார் என்று 80-களில் வருடக்கணக்காக ஜோக் அடித்தவர் அவர். கடைசிக் காலத்தில் ஃபேஷன் போலீஸ் நிகழ்ச்சியில் நடிகைகளின் உடம்பையும் உடையையும் கிழித்துத் தொங்கவிட்டார். பெண்களுக்கு வழி திறந்தவர் என்று கொண்டாடுகிறோம். அந்த வழியில் வந்த பெண்கள் மேலேயே கல்லெறிந்ததை என்ன செய்வது? குண்டு உடம்போடு வளர்ந்த எனக்கு அந்தச் சிரிப்பு இன்றும் குத்துகிறது.

இரவுப்பறவை:

திண்ணைவாசி, உங்கள் வருத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அந்த டெய்லர் ஜோக்குகள் பிடிக்காது. தன் மூக்கை, தன் முகத்தை, தன் கல்யாணத்தை அவர் அதைவிட மோசமாகக் கிண்டல் செய்தார் என்பது உண்மைதான். ஆனால் தன்னை அடித்துக்கொள்பவருக்கு அடுத்தவரை அடிக்க உரிமை வந்துவிடாது.

ஃபாக்ஸ் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன், 'தோற்றுப் போனார்' என்று யாராவது வந்து எழுதுவதற்குள். 1986 அக்டோபர் 9, முதல் இரவு. செர், எல்டன் ஜான், டேவிட் லீ ராத், பீ-வீ ஹெர்மன் என்று நான்கு விருந்தாளிகள். ஃபாக்ஸின் முதல் நிகழ்ச்சியே இதுதான், மாலை நேர நிகழ்ச்சிகள் அடுத்த வருடம் ஏப்ரலில்தான் வந்தன. கையில் இருந்தவை சுமார் நூறு நிலையங்கள், அவற்றில் பல ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிய யுஎச்எஃப் நிலையங்கள். எதிரே கார்சனுக்கு நாடு முழுக்க வேரூன்றிய நெட்வொர்க். ஜோன் பக்கம் வந்தால் கார்சன் பக்கம் கதவு மூடிவிடுமோ என்று விருந்தாளிகள் பயந்தார்கள் என்று ஜோன் தரப்பில் சொன்னார்கள்.

உள்ளேயும் சண்டை. கணவர் எட்கர் ரோசன்பெர்க் நிகழ்ச்சியின் நிர்வாகத் தயாரிப்பாளர். ஃபாக்ஸ் நிர்வாகத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. எட்கரை வெளியே அனுப்பு, நீ இருக்கலாம் என்றார்கள். ஜோன் மாட்டேன் என்றார். இரண்டு பேருமே வெளியே. 1987 மே 15 அவருடைய கடைசி இரவு. ஆகஸ்டில் எட்கர் ஃபிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் அறையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

கடலூர் அண்ணே, விசுவாசம் இல்லாதவர் என்கிறீர்கள். கணவரைக் கைவிட்டிருந்தால் நிகழ்ச்சி மிஞ்சியிருக்கும். கைவிடவில்லை.

கடலூர்க்காரன்:

எட்கர் விஷயத்தில் அவர் நின்ற நிலைக்கு என் கையெடுத்த கும்பிடு. அதற்கப்புறம் எழுந்து வந்ததற்கும்தான். 1989-இல் பகல் நிகழ்ச்சி, அடுத்த வருடமே அதற்கு எம்மி விருது, கியூவிசி தொலைக்காட்சியில் நகை விற்பனை. விழுந்த இடத்திலேயே கிடக்கவில்லை.

கார்சனிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் பிஷப் கணக்கைப் பார்த்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தண்டனை குற்றத்தைவிடப் பெரிது. அதிலும் 1992-இல் கார்சன் போய்விட்டார். அதற்குப் பிறகும் லெனோ காலம் முழுக்க அந்தக் கதவை மூடியே வைத்திருந்தார்களே, அதற்கு என்னால் வக்காலத்து வாங்க முடியாது. அவர்களுக்கு ஜோன் என்ன செய்தார்? 2009-இல் அதே என்பிசியில் செலிப்ரிட்டி அப்ரெண்டிஸ் என்ற போட்டி நிகழ்ச்சியில் ஜெயித்தவர். நிறுவனத்துக்கு அவர் வேண்டும், அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் வேண்டாம் என்றால் அது வெறும் வீம்பு.

மழைச்சாரல்:

அண்ணா, இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி. ஃபோன் விஷயத்தில் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அறிவிப்புக்கு முதல் நாளாவது நேரில் போயிருக்கலாம். நான் வேலையை விட்டபோது ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இரவுப்பறவை:

கதவு திறந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜிம்மி ஃபாலன் டுநைட் ஷோவை ஏற்றுக்கொண்ட முதல் இரவு 2014 பிப்ரவரி 17. பந்தயத்தில் தோற்ற பாவனையில் ஒவ்வொரு பிரபலமாக வந்து நூறு டாலரை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்களே, அந்த வரிசையில் ஜோனும் வந்தார். சில நொடிதான். கார்சன் முன்னால் அவர் முதன்முதலில் உட்கார்ந்த அதே பிப்ரவரி 17, சரியாக 49 வருடம் கழித்து. மார்ச் கடைசியில் முறையான விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு 80 வயது. செப்டம்பர் 4-ஆம் தேதி நியூயார்க்கில் காலமானார்.

அந்த மார்ச் மாத இரவில் அவர் சோபாவை நோக்கி நடந்து வருவதை யூடியூபில் ஐந்தாறு தடவை பார்த்துவிட்டேன். கடலூர் அண்ணே, நீங்களும் ஒரு தடவை பாருங்கள்.