‘தொடு’, ‘ஊடுருவி’ போதுமா? ரோஜாவுக்கு அடிக்கும் பூஞ்சை மருந்துகளின் பெயர்கள்

நண்பர்களே,

நோய் வருமுன் அடித்து வைக்கும் ‘புரொடெக்டன்ட்’ வகைப் பூஞ்சை மருந்துக்குத் ‘தொடு பூஞ்சைக்கொல்லி’ என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல்லை நம்பி ஒரு ரோஜாச் செடியை மொட்டையாக்கியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

செடிக்கு வந்தது கரும்புள்ளி நோய். இந்தப் பெயரில் எனக்குக் குறையில்லை. கரும்புள்ளி, சாம்பல் நோய், துரு நோய் எல்லாம் பார்த்தவர்கள் பார்த்தபடி வைத்த பெயர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளியின் ஓரம் வட்டமாக இருக்காது. மை ஊறிய தாள்போல் இழை இழையாகப் பிரிந்திருக்கும். இலைக்குள் பூஞ்சை பரவும் தடம் அது. சுற்றிலும் மஞ்சள் படரும், அப்புறம் விரல் பட்டாலே இலை உதிரும்.

மருந்துப் பொட்டலத்தில் ‘பூஞ்சைக்கொல்லி’ என்று போட்டிருந்தது. கொல்லி என்றால் கொல்லும் என்றுதானே எடுத்துக்கொள்வோம்? மான்கோசெப் என்ற அந்த மருந்தைக் கரைத்துப் புள்ளி விழுந்த இலைகளாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். பச்சையாக இருந்த இலைகளை விட்டுவிட்டேன், மருந்து வீணாகுமே என்று. புள்ளி புள்ளியாகவே இருந்தது. விட்டுவைத்த இலைகளிலும் அடுத்த வாரம் வந்துவிட்டது.

தலைகீழாகச் செய்திருக்கிறேன். இந்தப் பூஞ்சையின் வித்து தண்ணீர்த் தெறிப்பில் வந்து இலையில் விழுகிறது. இலை ஏறக்குறைய 7 மணி நேரம் ஈரமாகவே இருந்தால் முளைத்து உள்ளே இறங்கிவிடுகிறது. மான்கோசெப்பும் செம்பு மருந்துகளும் இலைமேல் படலமாகக் காய்ந்து, விழுகிற வித்தை முளைக்கவிடாமல் செய்பவை. உள்ளே இறங்கிய பூஞ்சையை அவை எட்டாது. மருந்து காய்ந்த இலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், வெளிர்மஞ்சளாகத் தூள் ஒட்டும். மருந்து அவ்வளவுதான். மழை அதைக் கழுவிவிடும். அடித்த பிறகு விரிந்த தளிரில் அது இருக்கவே இருக்காது. அதனால்தான் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, இலையின் இரு பக்கமும் அடிக்கச் சொல்கிறார்கள்.

‘தொடு நஞ்சு’ பூச்சிக்குப் பொருந்தும். பூச்சி வந்து தொடுகிறது, சாகிறது. இங்கே சொல்லவேண்டியது இரண்டு: முன்னாலேயே அடிக்க வேண்டும், வெளியேதான் நிற்கும். ‘தொடு’ இரண்டையும் சொல்லவில்லை.

‘தொடு’வுக்கு மாற்றாக வந்த சொற்களில் ‘முன்காப்பி’யைப் படித்ததும் சர்க்கரை எத்தனை கரண்டி என்றுதான் கேட்கத் தோன்றியது. ‘இலையுறை’ நல்ல சொல், ஆனால் தாவரவியலில் புல்லின் தண்டைச் சுற்றும் இலையடிக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. ‘பூஞ்சைத்தடுப்பி’ தடுப்பூசியை நினைவூட்டுகிறது. செடிக்குள்ளே ஏதோ எதிர்ப்புச் சக்தி வருவதாக எண்ணவைக்கும். நான் ‘காப்புத் தெளிப்பு’ என்கிறேன்.

‘சிஸ்டமிக்’ வகைக்கு ‘ஊடுருவிப் பாயும்’ என்று எழுதிவருகிறோம். பாயும் என்றதும் எல்லாப் பக்கமும் பாய்வதாகத் தோன்றும். டெபுகோனசோல், புரோபிகோனசோல் போன்றவை இலைக்குள் புகுந்து, நீர் ஏறும் குழாய்களோடு நுனிப் பக்கமாகத்தான் போகின்றன. மேல் இலையில் அடித்தால் கீழ் இலைக்கு இறங்கி வராது. எனவே ‘ஊடேறி’. ஏறும், இறங்காது. புதிதாக நுழைந்த பூஞ்சையை இது அடக்கக்கூடும்; ஏற்கெனவே கறுத்த இடம் இதிலும் பச்சையாகாது. ஒரே ஊடேறியைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிவிடும் என்பதால், வேறு வகை மருந்தோடு மாற்றி மாற்றித்தான் அடிக்க வேண்டும்.

‘தெளிப்பு’ என்பது செயலின் பெயர், மருந்தின் பெயர் அல்ல என்ற மறுப்பு வரும். தெரிந்தேதான் அப்படி வைத்தேன். கந்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்புள்ளிக்கு அது காப்புதான். சாம்பல் நோயிலோ பூஞ்சையின் உடல் பெரும்பாலும் இலைமேலேயே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, உறிஞ்சும் முனைகள் மட்டும்தான் உள்ளே. அங்கே கந்தகம் வந்துவிட்ட பூஞ்சையையும் கொல்கிறது. (30 பாகை செல்சியஸைத் தாண்டிய வெயிலில் அடித்தால் இலையையும் சேர்த்துக் கருக்கும், அது வேறு கதை.) ஒரே தூள், ஒரு நோயில் காப்பு, இன்னொன்றில் கொல்லி. பொட்டலத்துக்குப் பெயர் வைத்தால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும். எதற்காக அடிக்கிறோம் என்பதற்குப் பெயர் வைத்தால் அந்தச் சிக்கல் வராது.

‘ஊடேறி’யில் எனக்கே ஒரு தயக்கம் உண்டு: மேல் பக்கத்தில் பட்டு இலையின் அடிப்பக்கத்துக்கு மட்டும் கடந்துபோகும் ‘டிரான்ஸ்லாமினர்’ வகையை அதில் அடக்க முடியாது. அதற்கு ‘இலைகடப்பி’ சரிவருமா, வேறு வைத்திருக்கிறீர்களா?