சுழல்தொட்டி சீராகச் சுற்றவில்லை, மோட்டார் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மதுரை திருநகர் பக்கம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அண்டார்டிகாவைச் சுற்றி வீசும் மேற்குக் காற்று கடலின் மேல்நீரை வடக்கே தள்ளுகிறது, அந்த இடத்துக்கு ஆழத்து நீர் ஏறி வருகிறது. இதனால் சாய்ந்துவிடும் அடர்த்தி அடுக்குகளை (வெவ்வேறு அடர்த்தியுள்ள நீரின் அடுக்குகளை)ச் சில பத்து கிலோமீட்டர் அகலமுள்ள சுழிகள் மறுபடி படுக்க வைக்கப் பார்க்கின்றன. இரண்டும் இழுத்தது போக மிஞ்சுவதுதான் கடலின் நிகர மேல்கீழ் சுழற்சி. அந்தச் சுழிகளைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அதற்காக நான் செய்த சுழல்தொட்டி இது: 40 செ.மீ. அகல வட்டத்தொட்டி, 8 செ.மீ. தண்ணீர், நடுவில் ஐஸ் நிரப்பிய எவர்சில்வர் டம்ளர். சுற்றுவது பழைய இரும்புக்கடையில் வாங்கிய 12 வோல்ட் கார் வைப்பர் மோட்டார், பெல்ட், ரெகுலேட்டர் வழியாக. தென்துருவம் என்பதால் கடிகாரச் சுற்று.

மெதுவாக ஓடும்போது, தண்ணீரில் விட்ட நீல மை டம்ளரைச் சுற்றி அழகாகத் திரைபோல் இறங்குகிறது. வேகம் கூட்டினால்தான் அது சுழிகளாக உடையும். ஆனால் நிமிடத்துக்கு 10 சுற்றைத் தொட்டதும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒரு வெட்டு. மை கலைந்து தண்ணீர் முழுக்க நீலமாகிவிடுகிறது. ஆடி மாதத்திலிருந்து இதே தொல்லை.

ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். பெல்ட் மாற்றினேன், அடாப்டருக்குப் பதில் பேட்டரி போட்டேன். மின்விசிறியை நிறுத்தி, தொட்டியை மூடி, தண்ணீர் நிதானமாக 20 நிமிடம் விட்டும் பார்த்தாயிற்று. அடுத்த மாதம் கண்காட்சி.

இந்த மோட்டாரையே வைத்து 10 சுற்றில் வெட்டில்லாமல் ஓட்ட என்ன செய்யவேண்டும்?