யுகுலேலேவில் பிக்கப் பொருத்தியபின் ஒலி மெலிந்து தகரம்போல் கேட்கிறது, என்ன செய்யலாம்?

நைலான்தந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் முழு மஹோகனிப் பலகையால் செய்த டெனர் அளவு யுகுலேலே ஒன்று இருக்கிறது. தேவாலயப் பாடகர் குழுவில் அதை வாசித்து வருகிறேன். இதுவரை ஒலித்துளைக்கு முன்னால் மைக் வைத்துத்தான் வாசித்தேன். கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்துவிட்டால் என் வாசிப்பு அமுங்கிப்போகும். மைக்கின் அளவைக் கூட்டினாலோ ஸ்பீக்கர் கூவத் தொடங்கிவிடும். ஆகவே சென்ற மாதம் ஒரு கடையில் கொடுத்து, சாடிலுக்கு (தந்திகள் படிந்து நிற்கும் மெல்லிய துண்டு) அடியில் வைக்கும் பட்டை வடிவப் பீசோ பிக்கப் (அதிர்வை மின்சைகையாக மாற்றும் கருவி) ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். பேட்டரி இல்லாத வகை. அடிமுனையில் துளையிட்டு ஜாக் வைத்த வேலை சுத்தமாகவே இருக்கிறது.

ஒலிதான் மனதுக்கு ஒப்பவில்லை. கேபிளை நேரே மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகி வாசித்தால், நகம் தந்தியில் படும் சத்தம் பெரிதாகவும் சுரம் சிறிதாகவும் கேட்கிறது. மடியில் வைத்து வாசிக்கும்போது காதுக்கு வரும் வெதுவெதுப்பான நாதத்தில் பாதிகூட ஸ்பீக்கரில் வரவில்லை. மேலும் ஜி, ஈ, ஏ ஆகிய மூன்று தந்திகளும் ஓரளவு சமமாக ஒலிக்க, சி தந்தி மட்டும் அடங்கிப்போகிறது. மிக்சரில் பேஸைக் கூட்டிப் பார்த்தேன், இரைச்சல்தான் கூடியது. இந்தப் பிக்கப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஒட்டும் வகைக்கு மாறுவதா, பேட்டரி உள்ள வகைக்கு மாறுவதா என்று அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஒலிமேசை எழுதியது:

நண்பரே, இப்போதைக்கு எதையும் கழற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் கலந்திருக்கின்றன. ஒலி மெலிவதற்குக் காரணம் பெரும்பாலும் மிக்சரின் உள்ளீடு. சி தந்தி அடங்குவதற்குக் காரணம் சாடில் உட்கார்ந்திருக்கும் விதம். இரண்டாவதை மரவேலை அறிந்தவர்கள் சொல்வார்கள் என்பதால் முதலாவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நைலான், ஃப்ளூரோகார்பன் தந்திகளில் இரும்பு இல்லை. அதனால் எலக்ட்ரிக் கிட்டாரின் காந்தப் பிக்கப் யுகுலேலேவுக்கு உதவாது. அழுத்தம் மாறும்போது மின்னழுத்தம் தரும் பீசோவைத்தான் நாம் நம்பியிருக்கிறோம். மின்சுற்றின் கண்ணுக்குப் பீசோ ஒரு சிறிய கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்பு). சாடிலுக்கு அடியில் வைக்கும் பட்டை 1 நானோ ஃபாரட் அளவினது என்று வைத்துக்கொள்வோம். அதை 1 மெகா ஓம் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) உள்ள உள்ளீட்டில் செருகினால், ஏறத்தாழ 160 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலி குறையத் தொடங்கும். உங்கள் சி தந்தியின் சுரம் 262 ஹெர்ட்ஸ் என்பதால் எந்த இழப்பும் காதுக்குத் தெரியாது. அதே பட்டையைச் சுமார் 10 கிலோ ஓம் உள்ள லைன் உள்ளீட்டில் செருகினால், அந்த எல்லை 16,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. அதாவது யுகுலேலேவின் எல்லாச் சுரங்களும் அந்த எல்லைக்குக் கீழே விழுந்து, சுரம் எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு அதிகமாக மெலிகிறது. நகச் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. நீங்கள் கேட்கும் தகர ஒலி இதுதான். உள்ளீட்டிலேயே தொலைந்துபோன கீழ்ச்சுரங்களை மிக்சரின் பேஸ் திருகாணியால் மீட்க முடியாது. எஞ்சியதோடு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. யாரிடமாவது கிட்டார் ஆம்ப் இருந்தால் அதில் செருகி வாசித்துப் பாருங்கள், அவற்றின் உள்ளீடு வழக்கமாக 1 மெகா ஓம் அளவில் இருக்கும். மிக்சரில் கிட்டாருக்கென்று ‘ஹை-இசட்’ (உயர் இம்பீடன்ஸ்) எனக் குறித்த பொத்தான் இருந்தால் அதை அழுத்தியும் பார்க்கலாம். ஒலிக்கு உடனே உடம்பு வந்துவிட்டால் பிக்கப்பின் மேல் குற்றமில்லை.

அதன் பிறகு நீங்கள் வாங்க வேண்டியது பீசோவுக்கு ஏற்ற ஒரு ப்ரீஆம்ப் (மிக்சருக்கு முன்பே சைகையை வலுப்படுத்தும் பெட்டி) அல்லது ஆக்டிவ் டிஐ (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும், மின்சாரத்தில் இயங்கும் பெட்டி). ரேடியல் பிஇசட்-டிஐயில் உள்ளீட்டை 10 மெகா ஓம் வரை மாற்றிக்கொள்ளலாம்; எல்.ஆர். பேக்ஸ் பாரா அக்கூஸ்டிக் டிஐயின் உள்ளீடும் 10 மெகா ஓம்தான். விலை குறைந்தவையும் கிடைக்கும், 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்தால் போதும். வாடகை ஒலிபெருக்கிக்காரர்கள் கொண்டுவரும் டிரான்ஸ்ஃபார்மர் வகை பாசிவ் டிஐ மட்டும் உங்களுக்கு ஆகாது. அது கீபோர்டுக்கு நல்ல துணை. ஆனால் அதன் உள்ளீடு 140 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும் என்பதால் பேட்டரியில்லாப் பீசோவை நெரித்துவிடும்.

கேபிளின் நீளத்தையும் கவனியுங்கள். மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபாரட் வீதம் கேபிளுக்கும் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. பட்டை தரும் சிறிய மின்னழுத்தத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். ஆகவே ப்ரீஆம்பை உங்கள் காலடியிலேயே வைத்து, அங்கிருந்து மிக்சருக்கு நீளமான கேபிளை இழுங்கள்.

உளியும்உப்புத்தாளும் எழுதியது:

மேலே சொன்னது முற்றிலும் சரி. சி தந்தியின் கதையை நான் சொல்கிறேன், தம்பி. பட்டைப் பிக்கப்பில் ஒரு தந்தி மட்டும் அடங்கினால், அந்த இடத்தில் சாடில் பட்டையை அழுத்தவில்லை என்று பொருள். சாடிலின் அடிப்பக்கம் அங்கே குழிந்திருக்கலாம், சாடிலைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜில் உள்ள பள்ளத்தின் தரை மேடுபள்ளமாக இருக்கலாம், பட்டைக்காகத் துளையிட்டபோது எழுந்த மரப்பிசிறு அடியில் சிக்கியிருக்கலாம்.

தந்திகளைத் தளர்த்திச் சாடிலை எடுங்கள். எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள்: இடுக்கியால் பிடுங்க வேண்டியிருந்தால் சாடில் இறுக்கமாக இருக்கிறது. இறுக்கமான சாடில் பள்ளத்தின் பக்கச் சுவர்களிலேயே தொங்கி நின்றுவிடுவதால், தந்தியின் அழுத்தம் பட்டை வரை இறங்குவதில்லை. விரலால் இழுத்தால் வர வேண்டும், ஆனால் பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் சாயக் கூடாது.

அடுத்து, சாடிலின் அடிப்பக்கம் முழுவதும் பென்சிலால் கருமை பூசுங்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 320 எண் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் சாடிலைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே திசையில் மெதுவாக இழுங்கள். நாலைந்து இழுப்புக்குப் பிறகு திருப்பிப் பார்த்தால், மேடான இடங்கள் வெளுத்தும் குழிந்த இடங்கள் கறுத்தும் தெரியும். கறுப்பு எங்கும் இல்லாமல் போகும்வரை தேயுங்கள். கையில் பிடித்தபடி உப்புத்தாளைத் தேய்த்தால் ஓரங்கள் உருண்டு, நிலைமை முன்பைவிட மோசமாகும். உயரத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். சாடிலில் 1 மில்லி மீட்டர் குறைந்தால் 12ஆம் கட்டைக்கு (ஃப்ரெட்) மேல் தந்தியின் உயரம் அரை மில்லி மீட்டர்தான் குறையும். பட்டை அடியில் நுழைந்ததால் சாடில் ஏற்கெனவே சற்று உயர்ந்திருக்கும், ஆகவே தேய்ப்பதற்கு உங்களுக்கு இடம் இருக்கிறது.

பட்டை உள்ளே நுழையும் துளையின் விளிம்பையும் பாருங்கள். விளிம்பு கூராக இருந்தால் பட்டை அங்கே கூன்போட்டு எழும்பி, சாடிலின் ஒரு முனையைத் தூக்கிவிடும். பக்கத்துத் தந்திக்கு அழுத்தம் குறைவது அதனால்தான். சிறிய அரத்தால் விளிம்பைச் சாய்த்துவிட்டால் போதும். சிலர் சத்தம் குறைந்த தந்திக்கு அடியில் காகிதம் மடித்து வைப்பார்கள். அன்றைய நிகழ்ச்சிக்கு அது கைகொடுக்கலாம், ஆனால் காகிதம் நசுங்கியதும் பழையபடி ஆகிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கோவாபலகை எழுதியது:

பலகையில் ஒட்டும் வகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமைதியான இடத்தில் வாசிப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். அது சாடிலின் அழுத்தத்தை மட்டும் கேட்காமல் பலகையின் அதிர்வையே கேட்பதால், மரத்தின் குணம் ஒலியில் தெரியும். ஆனால் டிரம்ஸும் கீபோர்டும் சூழ்ந்த மேடையில், ஸ்பீக்கரின் ஒலியில் பலகை அதிர்வதையும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். கூவல் சீக்கிரம் வரும். உங்கள் சூழலுக்குச் சாடிலடிப் பட்டையே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அந்த ஒலி எப்படியிருக்கும் என்று அறிய விரும்பினால், சென்னை ரிச்சி தெருவில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பித்தளைப் பீசோ தகடு ஒன்றை வாங்கி, இருபக்கம் ஒட்டும் டேப்பால் பிரிட்ஜுக்கு அருகே வெளிப்பக்கம் ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். விரலகலம் நகர்த்தினாலே ஒலி மாறும். நல்ல இடம் எதுவென்று காது சொன்ன பிறகே உள்ளே பசைபோட்டு ஒட்டுவது பற்றி யோசிக்க வேண்டும்.

கூவலுக்கு வருகிறேன். உங்கள் யுகுலேலேவில் 262 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுரமே இல்லை. ஆகவே ஹை-பாஸ் ஃபில்டரை (குறித்த எல்லைக்குக் கீழான ஒலிகளைக் குறைப்பது) 150 ஹெர்ட்ஸ் வரை தயங்காமல் ஏற்றலாம். உடம்பைத் தட்டும் சத்தமும் மேடை அதிர்வும் அங்கேயே நின்றுவிடும். ஜி தந்தியைத் தாழ்ந்த சுரத்தில் கட்டுபவர்களுக்கு 196 ஹெர்ட்ஸ் வரை சுரம் இறங்குவதால் அவர்கள் 100 அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. பீசோவுக்கே உரிய அந்தக் கீச்சுத்தன்மை பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அந்தப் பகுதியைச் சற்றுக் குறைப்பது, பேஸைக் கூட்டுவதைவிட இனிய பலன் தரும். அதன் பிறகும் ஒரே சுரத்தில் கூவினால் ப்ரீஆம்பில் உள்ள ஃபேஸ் பொத்தானை (சைகையைத் தலைகீழாக்குவது) முதலில் மாற்றிப் பாருங்கள். நாட்ச் ஃபில்டரைத் (ஒரு குறுகிய அலைவரிசையை மட்டும் வெட்டுவது) தொடுவது அதற்குப் பிறகுதான்.

நைலான்தந்தி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிட்டார் ஆம்பில் செருகியதும் ஒலி நிறைந்து வந்தது. ஒலிமேசை சொன்னது அப்படியே உண்மை. சாடிலில் பென்சில் பூசித் தேய்த்ததில், சி தந்திக்கு நேர்கீழே நகக்கண் அகலத்துக்குக் கறுப்பு அழியாமல் நின்றது. அதைச் சமன்செய்தபின் நான்கு தந்திகளும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. இனி வெளியே வைக்கும் ப்ரீஆம்ப் வாங்குவதா, பேட்டரியோடு உள்ளே வைக்கும் வகையா என்பது மட்டும்தான் மீதி.

உளியும்உப்புத்தாளும் எழுதியது:

வெளியே வைப்பதையே வாங்குங்கள், தம்பி. இவ்வளவு சிறிய வாத்தியத்தில் 9 வோல்ட் பேட்டரியின் எடை கையில் தெரியும். அந்த வகையில் கேபிளைச் செருகிவைத்தாலே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும், ஆராதனைக்கு நடுவே தீர்ந்தால் ஒலித்துளை வழியாக விரலைவிட்டு மாற்றுவது எளிதல்ல.