மூணு விளக்கு, ஒரு எர்த் வயர்

என் காரில் காலையில் முதல் செல்ஃப் அடித்ததும் இன்ஜின் விளக்கு, ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது), பவர் ஸ்டீயரிங் மூணும் சேர்ந்து எரியும். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி எடுத்தால் ஒன்றும் இருக்காது. இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன்.

கோளாறு கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் வந்தது பி0562, யு0121. முதலாவது, வோல்டேஜ் குறைவு. அடுத்தது, ஏபிஎஸ் யூனிட்டோடு தொடர்பு அறுந்தது. பேட்டரியை மாற்றினோம். ஒரு வாரம் நிம்மதி, பிறகு பழைய கதை. அடுத்து ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றச் சொன்னார்கள். அங்கேதான் மனசு ஒப்பவில்லை. ஏபிஎஸ் யூனிட் கெட்டுப்போனால் வோல்டேஜ் குறைவு என்று இன்ஜின் ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, ஏன் புகார் சொல்லணும்?

கோட் பதிவான நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதை ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டும். கோட் எண்ணோடு நிறுத்திவிட்டு அதைத் திறக்காமலே விடுகிறவர்கள் அதிகம். திறந்தேன். ஆர்பிஎம் 210, வோல்டேஜ் 8.4. அதாவது செல்ஃப் சுற்றும்போது பதிவானது. மறுநாள் காலை பேட்டரி முனையிலேயே மல்டிமீட்டரை வைத்து, வீட்டில் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 10.6. பேட்டரி நன்றாகத்தான் கொடுக்கிறது, ஈசியூவுக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு வோல்ட் எங்கேயோ தொலைகிறது.

மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில், சிவப்பை இன்ஜின் பிளாக்கில் வைத்து மறுபடி செல்ஃப். 1.9 வோல்ட்! அங்கே 0.2 தாண்டினாலே சந்தேகப்படணும். பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்க கியர்பாக்ஸில் மாட்டியிருக்கும் எர்த் வயரின் போல்ட் வெளியே பளிச்சென்று இருந்தது. கழற்றிப் புரட்டினால் வயர் முனையில் இருக்கும் லக்கின் அடிப்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு. ரப்பர் உறையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன், உள்ளே செம்பு இழைகள் விரலோடு பொடியாக வந்தன. புது வயர் போட்டு, உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் உலோகம் தெரியத் தேய்த்து முறுக்கினேன். இப்போது 0.1. அதற்குப் பிறகு ஒரு விளக்கும் எரியவில்லை.

சூடான இன்ஜினைச் சுற்ற செல்ஃப் குறைவாகத்தான் கரண்ட் இழுக்கும். காலையில் மட்டும் வந்ததற்குக் காரணம் அதுதான்.

*

அண்ணா, இதே மாதிரி எனக்கும் ஒன்று, ஆனால் எர்த் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி வலுவிழந்து பி0641 (சென்சார்களுக்குப் போகும் வோல்டேஜில் கோளாறு), பி0107 (மேப் சென்சார்), பி0122 (த்ராட்டில் சென்சார்) மூணும் ஒன்றாக வந்தன. இன்ஜின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், காற்று வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்கும் த்ராட்டில் சென்சார் இரண்டையும் மாற்றியும் அப்படியே. பிறகுதான் தெரிந்தது, பல சென்சார்களுக்கு ஈசியூ ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மற்றதெல்லாம் சேர்ந்து படுத்துவிடும். மேப் சென்சார் கனெக்டரில் மீட்டரை வைத்தேன், 5 வர வேண்டிய இடத்தில் 0.7. மீட்டரை அப்படியே விட்டு, மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஏசி பிரஷர் சென்சாரைப் பிடுங்கிய நொடி 5.0 வந்து நின்றது. இன்ஜின் கோளாறுக்கு ஏசி பக்கம் போய்ப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

*

நானும் ஒன்று சொல்கிறேன். யு என்று தொடங்கும் (யூனிட்டுகளுக்குள் தொடர்பு அறுந்தது என்று சொல்லும்) கோடு பலது ஒன்றாக வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 60 வரணும். எனக்கு 120 வந்தது. யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயரான கேன் லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், ஒன்று துண்டித்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரி தட்டுக்குக் கீழே எலி கடித்து, முறுக்கிய இரண்டு வயரில் ஒன்று அறுந்து கிடந்தது. பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டதும் 60.