அப்பா "பாப்பா" என்றால் "மாம்மா" என்று கேட்கிறது. என்ன செய்யலாம்?

மகள்_கரூர்:
அப்பாவுக்குக் கில்லன் பாரே நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குவது). இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சுதான் தேறவில்லை. பேத்தியைப் "பாப்பா" என்று கூப்பிட்டால் "மாம்மா" என்று விழுகிறது. "வாழை" மட்டும் ஓரளவு தெளிவு. தண்ணீர் சில சமயம் மூக்கில் ஏறுகிறது. உறவினர்கள் பலூன் ஊதச் சொல்கிறார்கள். மூளையிலும் பாதிப்பு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பேச்சு_சிகிச்சையாளர்:
சகோதரி, முதலில் தண்ணீர் விஷயம். விழுங்கும்போது இருமலோ குடித்தபின் குரலில் கரகரப்போ இருந்தால், பயிற்சியெல்லாம் பிறகு. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், சொல்ல வேண்டியதை மூளை சரியாகவே அனுப்புகிறது. அதைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்பில்தான் தடை என்று தோன்றுகிறது. கட்டளை முழுதாக வந்து சேராத தசை தொய்ந்துபோகும். "ப", "ம" இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. "ப" சொல்லும்போது மெல்லண்ணம் (வாய்க் கூரையின் பின்பக்க மென்பகுதி) மேலெழுந்து மூக்கு வழியை அடைக்க வேண்டும். அந்தத் தசைகளை இயக்குவது பெரும்பாலும் பத்தாவது மூளை நரம்பான வேகஸ். அடைப்பு விழாவிட்டால் காற்று மூக்கில் கசிந்து "ப" "ம" ஆகிவிடும். "வ", "ழ" இரண்டுக்கும் வாயில் காற்றழுத்தம் அதிகம் வேண்டாம். "வாழை" தப்பியது அதனால்தான்.

அவர் மூக்கின் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்து "பாப்பா, தாத்தா" சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போதே ஆவி படிந்தால் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம்.

பலூனை நான் பரிந்துரைப்பதில்லை. ஊதப் பழகினால் ஊதத்தான் வரும். பேச்சைப் பேசித்தான் மீட்க வேண்டும்: சிறு சொற்றொடர், நடுவில் மூச்சு, வாயை நன்றாகத் திறந்து நிதானமாக. களைக்கும்முன் நிறுத்திவிடுங்கள். இந்த நோயில் பலருக்கு நரம்பின் மேலுறைதான் சிதைகிறது. அது மீண்டும் வளரும். உள்ளிழையே சிதைந்திருந்தால் வளர்ச்சி நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான், பொறுக்க வேண்டும். கசிவு நீடித்தால் அண்ணத்தைத் தூக்கிப் பிடிக்கும் பல்தட்டு செய்துதர முடியும்.

திருச்சி_வாசகர்:
என் மனைவிக்குத் தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் குரல் வெறும் காற்றாகிவிட்டது. எழுத்துகளின் உச்சரிப்பு எதுவும் மாறவில்லை. இதுவும் அதே நரம்பா?

பேச்சு_சிகிச்சையாளர்:
ஆம் ஐயா, அதே வேகஸின் வேறு கிளையாக இருக்கலாம். அது தைராய்டை ஒட்டியே குரல்வளைக்கு ஏறுகிறது. அதில் அடிபட்டால் ஒரு குரல்நாண் அசையாமல் நின்றுவிடும். இடைவெளியில் காற்று ஒழுகும். காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்நோக்கியால் பார்த்துச் சொல்லிவிடுவார்.

மகள்_கரூர்:
கண்ணாடியில் ஆவி படிந்தது ஐயா. இருமலும் இருக்கிறது. நாளை காலையே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். பலூன்களைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.